பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? எங்கிருந்து தேடுவது

கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) பாயின்ட்டும் (பொறிக்கான கரண்ட்டை மூடித் திறக்கும் சுவிட்ச்) உள்ள பழைய காரை வாங்கியவருக்கு இந்த அனுபவம் சீக்கிரமே வந்துவிடும். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி, காலையில் சாவியைத் திருப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. அல்லது சுற்றவே சுற்றாது. பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பிளக்கை மாற்றுங்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள், காயில் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தருவது) போயிருக்கும் என்பார்கள். மூன்றையும் செய்து முடித்த பிறகும் வண்டி அப்படியே நிற்கும். ஏனென்றால் பழுது பேட்டரி டெர்மினலில் இருந்திருக்கும்.

முன்பின் ஸ்பேனர் பிடிக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: எந்தப் பாகத்தையும் மாற்றும் முன், கெட்டுப்போனது அதுதானா என்று சோதித்துப் பாருங்கள். பழைய காரில் இது சுலபம். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு டெஸ்ட் லைட்டும் கண், காது, மூக்கும் இருந்தால் பெரும்பாலான பழுதுகளைப் பிடித்துவிடலாம்.

என்ஜின் ஓட நாலு விஷயம் வேண்டும். போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் சேர வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்க வேண்டும். எது இல்லையோ அதைத் தேட வேண்டும். தேடும் வரிசையும் இதுதான். எளிதாகச் சோதிக்கக்கூடியதும் அடிக்கடி கெடுவதும் முன்னால் வருகின்றன.

கை வைக்கும் முன்

வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். மூடிய ஷெட்டில் என்ஜின் ஓடினால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பெட்ரோல் வேலை நடக்கும் இடத்தில் சிகரெட், மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதன் பக்கத்திலும் பொறி பறக்கக் கூடாது. ஃபேனில் மாட்டக்கூடிய துண்டு, தளர்ந்த சட்டைக்கை, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

பிளக் ஒயரில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். ஆரோக்கியமானவருக்கு அது பெரும்பாலும் தூக்கிவாரிப் போடுவதோடு போய்விடும். ஆனால் கை வெடுக்கென்று இழுபடும்போது பானெட்டிலோ ஃபேனிலோ போய் இடிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம்.

கருவிகள் என்று பார்த்தால் ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லைட், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), இரண்டு மூன்று ஸ்க்ரூடிரைவர், மெல்லிய உப்புத்தாள், நன்றாக ஓடும் நிலையில் உள்ள ஒரு பழைய பிளக். டெஸ்ட் லைட் இல்லையென்றால் ஒரு 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து நீங்களே செய்துகொள்ளலாம்.

சாவியைத் திருப்பினால் என்ன நடக்கிறது?

புதிதாக வருபவர்கள் தாண்டிப்போகும் படி இது. ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் முன்னால் நின்று கேளுங்கள்.

சத்தமே இல்லை, அல்லது ஒரே ஒரு 'டக்', அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் பேட்டரி, ஒயர், ஸ்டார்ட்டர் பக்கம் போக வேண்டும். ஸ்டார்ட்டர் மட்டும் 'விர்ர்' என்று சுற்றுகிறது, என்ஜின் அசையவில்லை என்றால் ஸ்டார்ட்டரின் பினியன் (சிறு பற்சக்கரம்) என்ஜினின் ஃப்ளைவீல் பல்லில் சேரவில்லை. நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவே இல்லை என்றால் பொறியோ பெட்ரோலோ இல்லை. கார்புரேட்டர் வழியாகவோ சைலன்ஸர் வழியாகவோ 'டப்' என்று வெடித்தால் டைமிங் (பொறி விழும் நேரம்) அல்லது பிளக் ஒயர் வரிசையைச் சந்தேகிக்கலாம்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை பிடிக்கிறது, சாவியை விட்டவுடன் அணைந்துவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். இது கிட்டத்தட்ட எப்போதும் காயிலுக்குப் போகும் மின்சார வழியில் உள்ள கோளாறு. பல கார்களில் காயிலுக்கு முன்னால் ஒரு பாலஸ்ட் ரெசிஸ்டர் (கரண்ட்டைக் குறைக்கும் தடை) இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு நேராகக் காயிலுக்குப் போகும். சாவி பழைய இடத்துக்கு வந்ததும் ரெசிஸ்டர் வழியாகப் போக வேண்டும். அந்த ரெசிஸ்டர் அறுந்திருந்தால் வண்டி அப்போதே அணையும். கார்புரேட்டரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

சுற்றவே இல்லை என்றால்

முதலில் பேட்டரி. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் சார்ஜரில் போடாமல் மேற்கொண்டு எதையும் சோதிப்பதில் பயனில்லை. ஆனால் நிற்கும்போது 12.6 காட்டுவது மட்டும் போதாது. ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. விழுந்தால் பேட்டரி உள்ளே செத்துக்கொண்டிருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மேல் இழுக்கிறது. அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற சில கார்களில் 6 வோல்ட் பேட்டரி இருக்கும். அங்கே இந்த எண்களைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டெர்மினல்கள். பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும். கழற்றினால் உள்ளே சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும். உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மறுபடி மாட்டி இறுக்குங்கள். கழற்றும்போது எர்த் ஒயரை (வண்டியின் உடலில் இணைந்திருப்பதை) முதலில், மாட்டும்போது கடைசியில். பல பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த்தாக இருக்கும் என்பதால் எது எர்த் என்று ஒயரைத் தொட்டுப் பின்தொடர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு, கறுப்பு நிறத்தை நம்ப வேண்டாம். வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது இதைத் தவறவிட்டால் சேதம் பெரிது.

மூன்றாவது, பலர் மறந்துபோகும் என்ஜின் எர்த் பட்டை. என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். அது துருப்பிடித்தால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை. சில சமயம் ஆக்ஸிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சூடாகிப் புகையும், அந்தக் கரண்ட் எல்லாம் அது வழியாகப் போக முயல்வதால். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், இன்னொன்றை என்ஜின் பிளாக்கின் சுத்தமான இடத்திலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது.

மீட்டர் இல்லாதபோது ஹெட்லைட் நல்ல சாட்சி சொல்லும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு மொத்தமாக அணைந்தால் பேட்டரி அல்லது டெர்மினல். விளக்கு மங்குகிறது, என்ஜின் அசையவில்லை என்றால் ஸ்டார்ட்டர் சிக்கியிருக்கிறது அல்லது என்ஜின் இறுகியிருக்கிறது. விளக்கு கொஞ்சமும் மாறவில்லை என்றால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட்டே போகவில்லை. சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்), இக்னிஷன் சுவிட்ச், நடுவில் உள்ள ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் லீவரை நியூட்ரலுக்கு மாற்றி ஒருமுறை முயலுங்கள். கியர் லீவரில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி படுத்துவிடும்.

பினியன் சிக்கியிருந்தால் இக்னிஷனை அணைத்து, வண்டியை டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று விடுபடும். சுற்றியும் சேராத பினியனுக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தாலே போதும். அந்தத் தண்டில் எண்ணெய் போடாதீர்கள், கிளட்ச் தூசி வந்து ஒட்டி மறுபடி அதே கதைதான்.

ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். ஒரு நிமிடமாவது ஆறவிட்டு அடுத்த முறை.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இங்கேதான் ஆட்கள் நேராகக் கார்புரேட்டருக்குப் போவார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கழற்றவும் சுலபம். ஆனால் கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டரில்தான் (பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் பாகம்) என்று பழைய மெக்கானிக்குகள் கிண்டலாகச் சொல்வார்கள். கிண்டல் என்றாலும் வரிசையாகப் பார்க்க அது நல்ல வழிகாட்டி. பொறியை முதலில் பாருங்கள்.

சில விநாடி சுற்றிவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாசனை வந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை, அல்லது அளவுக்கு மேல் பெட்ரோல் வந்து மூழ்கிவிட்டது.

பொறி

நல்ல நிலையில் உள்ள அந்தப் பழைய பிளக்கை எடுத்து ஒரு பிளக் ஒயரில் மாட்டுங்கள். பிளக்கின் உலோக உடல் என்ஜின் பிளாக்கைத் தொடும்படி ஒரு கிளிப்பால் பிடிக்க வையுங்கள். கழற்றிய பிளக் துளைக்கு அருகில் வேண்டாம், அங்கே பெட்ரோல் ஆவி வரும். இப்போது ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். நீலமாக, 'சட் சட்' என்று சத்தத்தோடு பொறி வந்தால் பொறி இருக்கிறது. மஞ்சளாக, மெலிந்து, சத்தமில்லாமல் வந்தால் சிலிண்டர் அழுத்தத்துக்குள் அது எரியாது. இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பொறி இல்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். உடனே செய்ய வேண்டிய ஒன்று: ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லி உள்ளே ரோட்டர் (தண்டின் மேல் மாட்டியிருக்கும் சுழலும் பாகம்) சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் டைமிங் செயின், பெல்ட் அல்லது டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் பல் உடைந்திருக்கிறது. அதற்கு மேல் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். சில என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ரோட்டர் சுற்றினால் அடுத்தது பாயின்ட். எளிமையான சாதனம். காயிலின் வழியாக ஓடும் கரண்ட்டை அது மூடி மூடித் திறக்கிறது. திறக்கும் கணத்தில் காயிலில் உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910-ஆம் ஆண்டு மாடல் காடிலாக்கில் வந்த அமைப்பு இது. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதை நம்பித்தான் ஓடின.

சோதிக்கும் முறை இதுதான். பாயின்ட் மூடியிருக்கும்படி என்ஜினைக் கொஞ்சம் சுற்றிவையுங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் தடித்த ஒயரைப் பிடுங்கி, அந்த முனையில் சோதனைப் பிளக்கை மாட்டி, உடலை பிளாக்கில் தொட வையுங்கள். இக்னிஷனைப் போட்டு, ஒரு மரக்குச்சியால் பாயின்ட்டைத் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிளக்கில் பொறி வர வேண்டும்.

இங்கே பொறி வந்தால் காயில், பாயின்ட், கண்டென்சர் (பாயின்ட்டில் பொறி பறக்காமல் தடுக்கும் சின்ன உருளை) மூன்றும் நல்லவை. பழுது மூடி, ரோட்டர், பிளக் ஒயர் இவற்றில். மூடியின் உட்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியது போல் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது விரிசல், அது வழியாகக் கரண்ட் தப்பிப் போகிறது. மூடியை மாற்ற வேண்டும். நடுவில் உள்ள கார்பன் முனை ஸ்பிரிங்கோடு மேலும் கீழும் அசைகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தாலே வண்டி பிடித்துவிடும். குறுக்கே என்ஜின் வைத்த பழைய மினி கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் நேராக முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். மழையில் நிற்கும் மினிக்கு முதல் சந்தேகம் எப்போதும் அதுதான்.

ரோட்டரின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ரோட்டரை மாட்டியபடியே, காயில் ஒயரின் முனையை அதன் மேல் உள்ள பித்தளைத் தகட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி, காப்புள்ள இடுக்கியால் பிடித்துக்கொண்டு பாயின்ட்டைத் திறந்து மூடுங்கள். தகட்டுக்குப் பொறி பாய்ந்தால் ரோட்டர் கசிகிறது. பாயாமல் இருந்தால் நல்லது.

பாயின்ட்டைத் திறந்தும் காயில் ஒயரில் பொறி இல்லை என்றால் டெஸ்ட் லைட்டை எடுங்கள். ஒரு முனை எர்த்தில். இன்னொன்றைக் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையில் வையுங்கள். இக்னிஷன் போட்டால் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயில் வரை உள்ள ஒயரில் தேடுங்கள். எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கு மாற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விளக்கு மினுக் மினுக் என்று எரிய வேண்டும். விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடுவதில்லை, அல்லது மூடினாலும் முகத்தில் படலம் படிந்து கரண்ட் போகவில்லை. எரியவே இல்லை என்றால் அந்த முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. புதுப் பாயின்ட் போட்ட மறுநாள் இப்படி ஆனால், ஒயர் மாட்டும் இடத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் வாஷரை மாற்றிப் போட்டிருப்பார்கள். அது இடம் மாறினால் பாயின்ட் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும். கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆனாலும் இதே அறிகுறி; அதன் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றினால் தெரிந்துவிடும்.

பல மாதம் நின்ற வண்டிக்கு, பாயின்ட் முகத்தில் படிந்த படலம்தான் பெரும்பாலும் காரணம். மெல்லிய உப்புத்தாளை இரண்டு முகங்களுக்கும் நடுவே விட்டு இரண்டு மூன்று இழுப்பு இழுங்கள். பிறகு பெட்ரோலில் நனைத்த சுத்தமான காகிதத்தை இழுத்துத் துடையுங்கள். ஒரு முகத்தில் மேடும் மறுமுகத்தில் குழியும் ஆழமாக விழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். அப்புறம் இடைவெளி. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் கேம் மேடு பாயின்ட்டை முழுதாகத் திறந்து வைத்திருக்கும் நிலையில் ஃபீலர் கேஜை விட்டுப் பார்க்க வேண்டும். நாலு சிலிண்டர் கார்கள் பலவற்றுக்கு 0.4 மி.மீ. அருகில் வரும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே வையுங்கள். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் கூடவே மாறும்.

கண்டென்சர் ஷார்ட் ஆகாமல் வெறுமனே செத்துப்போனால் பாயின்ட் திறக்கும்போது அங்கேயே பெரிய பொறி பறக்கும், பிளக்கில் மஞ்சளாக மெலிந்து வரும். புதிதாக விற்கும் கண்டென்சர்களின் தரம் ரொம்பவே ஏற்ற இறக்கமாக இருக்கிறது. பழையது வேலை செய்கிறதென்றால் சும்மா மாற்றாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். மாற்றினாலும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

காயிலை ஓம் மீட்டரால் பார்க்கலாம். சிறிய முனைகள் இரண்டுக்கும் நடுவே சாதாரணக் காயில் சுமார் 3 ஓம் காட்டும். பாலஸ்ட் ரெசிஸ்டருடன் வரும் காயில் அதில் பாதி. நடுத் துளைக்கும் சிறிய முனைக்கும் நடுவே பல ஆயிரம் ஓம் இருக்கும். காயில்கள் சூடானால் மட்டும் கெட்டு, ஆறியதும் சரியாகிவிடும் குணம் உள்ளவை. அரை மணி ஓடி அணைந்து, சிறிது நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் பிடிக்கும் வண்டியில், நின்ற அந்த நிமிடத்திலேயே பொறியைச் சோதியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. என்ஜின் ஓடாமல் பாயின்ட் மூடிய நிலையில் இக்னிஷனை நெடுநேரம் போட்டு வைக்காதீர்கள், காயில் கொதித்துப்போகும். அப்புறம், யாராவது முன்பே பாயின்ட்டை எடுத்துவிட்டு மூடிக்குள் எலக்ட்ரானிக் மாட்யூல் வைத்திருந்தால் மேலே சொன்ன குச்சிச் சோதனை அங்கே செல்லாது. அப்படிப்பட்ட வண்டிகளில் ஒரு பழைய பாயின்ட் செட்டும் கண்டென்சரும் டேஷ்போர்டில் இருப்பது நல்லது. மாட்யூல் செத்தால் வழியில் எதுவும் செய்ய முடியாது, பாயின்ட்டை மாட்டினால் வீடு வந்து சேரலாம்.

பெட்ரோல்

நல்ல பொறி இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது. இப்போது பெட்ரோலைப் பார்க்கலாம். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? மீட்டர் முள்ளை நம்பாமல் ஒரு நீளமான சுத்தமான மரக்குச்சியை விட்டுப் பாருங்கள், அல்லது வண்டியை ஆட்டிச் சத்தம் கேளுங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயைப் பாருங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். சோலெக்ஸ், வெபர், ஸெனித் போன்ற கார்புரேட்டர் வகைகளில் உள்ளே ஒரு மெல்லிய பீச்சல் தெரியும். தெரிந்தால் ஃப்ளோட் அறையில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் இடம்) பெட்ரோல் இருக்கிறது. எஸ்.யு., ஸ்ட்ரோம்பெர்க் வகைகளில் இந்தப் பீச்சும் பம்ப் கிடையாது, எத்தனை முறை மிதித்தாலும் ஒன்றும் வராது. அங்கே ஃப்ளோட் அறையின் மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் இல்லை என்றால் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். பொறி எதுவும் பறக்காமல் இருக்க, காயிலுக்கு மின்சாரம் வரும் ஒயரை முதலில் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் விட்டு விட்டு வேகமாகப் பாய வேண்டும். மின்சாரப் பம்ப் உள்ள வண்டியில் இக்னிஷன் போட்டதும் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்து, அறை நிரம்பியதும் அடங்கும். அது அடிக்கவே இல்லை என்றால் பம்ப்பின் உடலை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். அதற்குள்ளும் ஒரு பாயின்ட் இருக்கிறது. தட்டினால் ஓடினால் அதைச் சுத்தம் செய்யும் வேளை வந்துவிட்டது.

குழாயில் வரவில்லை, பம்ப் அடிக்கிறது என்றால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். மூடியில் காற்று போகும் துளை அடைத்துக்கொண்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. அப்புறம் ஃபில்டர், அப்புறம் டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் ரப்பர் குழாய். அந்தக் குழாயில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றை உள்ளே இழுக்கும். அதனால் கண்ணில் படாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். மெக்கானிக்கல் பம்ப்பின் டயஃப்ரம் (உள்ளே உள்ள மெல்லிய சவ்வு) கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலுக்குள் இறங்கவும் கூடும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனையோடு ஆயில் மட்டமும் ஏறியிருந்தால், ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

எதிர்ப்பக்கம்: பெட்ரோல் மிஞ்சி மூழ்கிப்போன வண்டி. வாசனை மூக்கைத் துளைக்கும், பிளக் நனைந்திருக்கும். சோக்கை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும். அடிக்கடி மூழ்கினால் ஃப்ளோட் அறையின் நீடில் வால்வில் (பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி) தூசி சிக்கியிருக்கும். அல்லது ஃப்ளோட் எனும் மிதவையில் ஓட்டை. காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் குலுங்கும் சத்தம் கேட்கும்.

சோக்கைப் பற்றி இவ்வளவு போதும்: குளிர்ந்த என்ஜினுக்கு வேண்டும், சூடான என்ஜினுக்கு வேண்டாம். கேபிளை இழுத்தால் கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு உண்மையில் மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிள் மட்டும் வந்து தகடு அசையாமல் இருப்பது உண்டு.

கார்புரேட்டருக்குள் நேராகப் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்வதைப் பலர் செய்வார்கள். என்ஜின் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடித்தால் தீ மேலே வரும், ஊற்றும் கை அங்கேதான் இருக்கும். செய்தே ஆக வேண்டுமென்றால் ஊசிக்குழாயால் ஒரு தேக்கரண்டி அளவு விட்டு, பெட்ரோல் டப்பாவைத் தூரமாக வைத்து, ஏர் ஃபில்டரை மாட்டிய பிறகு மட்டும் சாவியைத் திருப்புங்கள். இரண்டு விநாடி ஓடி அணைந்தால் பொறி சரி, பெட்ரோல்தான் வரவில்லை என்று உறுதி.

வெயிலில் ஓடி நிறுத்திய வண்டி பத்து நிமிடம் கழித்துப் பிடிக்கவில்லை என்றால் சூடுதான் காரணம். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும், அல்லது ஃப்ளோட் அறையில் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். பானெட்டைத் திறந்து வைத்து ஆறவிடுங்கள். பம்ப் மேல் ஈரத் துணி போடலாம்.

வரிசையும் டைமிங்கும்

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, ஆனாலும் வெடிக்கிறது, பிடிக்கவில்லை என்றால் யாராவது சமீபத்தில் பிளக் ஒயரைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். நேர்வரிசை நாலு சிலிண்டர் என்ஜின்களில் 1-3-4-2 என்ற வரிசை மிகப் பரவலானது. ஆனால் ஃபோர்டின் கென்ட் என்ஜினுக்கு 1-2-4-3, பீட்டிலுக்கு 1-4-3-2. ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தத் திசையில் எண்ண வேண்டும்.

டைமிங்கைச் சரிபார்க்க முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது மெதுவாகச் சுற்றிப் புல்லியின் குறியை நேராகக் கொண்டுவாருங்கள். அப்போது ரோட்டர் மூடியின் முதல் சிலிண்டர் முனையைப் பார்த்து நிற்க வேண்டும். நேர் எதிரே நின்றால் டிஸ்ட்ரிபியூட்டரை அரைச்சுற்று திருப்பி மாட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி நின்றால் கிளாம்ப் தளர்ந்து உடல் திரும்பியிருக்கும்.

அழுத்தம்

கடைசியில் வருவது கம்ப்ரஷன். எல்லா பிளக்குகளையும் கழற்றி, காயிலின் மின்சார ஒயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து, கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு துளையிலும் வைத்துச் சுற்றுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய என்ஜின்கள் பலவும் 120-லிருந்து 170 பி.எஸ்.ஐ. வரை காட்டும். எண்ணைவிட சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் கேஸ்கெட் அவற்றுக்கு நடுவே கிழிந்திருக்கும். இது இனி அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை.

பல வருஷம் நின்ற வண்டி

கொட்டகையில் கிடந்த வண்டியை வாங்கி அன்றைக்கே சாவியைத் திருப்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் இன்னும் ஊறவிடுங்கள். ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருக்கும், ஒயர்களையும் கடித்திருக்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். டேங்கில் உள்ள பழைய பெட்ரோல் வார்னிஷ் போல் நாறினால் முழுவதையும் வடித்துவிடுங்கள். ஆயிலை மாற்றி, ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்து, பிளக் இல்லாமலே ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். அப்புறம் பிளக்கை மாட்டலாம்.

பிடித்துவிட்டால் உடனே ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவிட வேண்டாம். ஆயில் பிரஷர் விளக்கு அணைந்ததா, பெட்ரோல் எங்கும் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். 12 வோல்ட் வண்டியில், வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் 14 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். அப்படி ஏறவில்லை என்றால் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. நாளைக்குக் காலையில் மறுபடி பேட்டரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.